எய்பார்: ஒரு சிறுநகரத்தின் பந்தாட்டக் கழகம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே அச்சாகியிருக்கும் தலைப்பைக் கண்டு உங்களுள் சிலர் வியந்திருக்கக் கூடும். தமிழ்த்துறையில் பணியாற்றுபவள், ஊர்ப்பெயர் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றவள், இலக்கிய வட்டத்தின் விழாவில் கால்பந்தைப் பற்றிப் பேசுவதா? நேற்று மாலை நம் மூத்த கவிஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, அழைப்பிதழில் அச்சுப்பிழை ஏதும் நேர்ந்துவிடவில்லையே?" என்று கேட்டார். பிழை ஏதும் இல்லை ஐயா என்றேன். ஆயினும் இத்தலைப்போடு தொடர்புடைய பிழை ஒன்று உண்டு. அது நான் செய்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2022-ஆம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் ஊர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வருமாறு பணித்தேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை குளம், கோயில், தேர்த்திருவிழா, பாட்டி வீடு என்று எதிர்பார்த்த தடத்திலேயே சென்றன. ஒரு மாணவன் மட்டும் இவ்வாறு தொடங்கியிருந்தான்: தன் தந்தையாரின் பணிமாற்றத்தால் ஏழு ஊர்களில் வளர்ந்தவன் தான், என் ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை, ஆகவே இதுவரை கண்ணால் காணாத ஓர் ஊரைத் தன் ஊராகக் கொண்டு எழுதுகிறான். அந்த ஊர் ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் இருக்கிறது, பெயர் எய்பார், அவ்வூரின் கால்பந்துக் கழகம் அந்த மே மாதம் தோற்றதற்காகத் தான் இரவெல்லாம் உறங்கவில்லை. நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. சிவப்பு மையில் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று எழுதி, இருபதுக்கு நான்கு மதிப்பெண் இட்டேன்.

அவன் வாதிடவில்லை. விடைத்தாளை வாங்கிக்கொண்டு, "அந்த ஊர் உண்மையாகவே இருக்கிறது, அம்மா" என்று மட்டும் சொன்னான். அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஊர்ப்பெயர்களைத் தேடி ஆறாண்டுகள் அலைந்த எனக்கு, ஓர் ஊரின் பெயரைக் கேட்டும் அதைப் பற்றி ஒரு வரி தெரிந்துகொள்ளத் தோன்றாமற் போயிற்றே என்னும் கூச்சம் பிறந்தது. அதன் பின்னர்த் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

பள்ளத்தாக்கில் ஓர் ஊர்

ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களின் நாடு உள்ளது. அவர்கள் பேசும் மொழி ஐரோப்பிய மொழிகள் எவற்றோடும் உறவு காட்டாத தனிமொழி. அந்நாட்டின் பெருநகரங்களாகிய பில்பாவோவுக்கும் சான் செபாஸ்தியானுக்கும் ஏறத்தாழ நடுவில், மலைகள் இருமருங்கும் நெருக்கும் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் எய்பார் அமைந்துள்ளது. 1346-ஆம் ஆண்டில் அரச ஆணையால் நகர உரிமை பெற்ற பழமையுடையது. இன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 27,000. விளைநிலம் என்று சொல்லப் போதிய சமநிலம் அங்கில்லை. ஆகவே அம்மக்கள் இரும்பை நம்பினர். பதினைந்தாம் நூற்றாண்டு தொட்டே படைக்கலம் செய்வது அவ்வூரின் தொழில். அங்குள்ளோரைக் 'கொல்லர்கள்' என்று நாம் மொழிபெயர்க்கலாம். துப்பாக்கிக் கொல்லர்கள் என்பது இன்னும் பொருந்தும். அவ்வூர்க் கழகத்தாரை இன்றும் அந்தப் பெயராலேயே அழைக்கின்றனர்.

எஃகின்மேல் பொன் இழைகளைப் பதித்துச் சித்திரம் வரையும் நுண்கலையும் அங்கே செழித்தது. அக்கலையில் புகழ்பெற்ற குடும்பம் ஒன்றில்தான், 1870-இல், இக்னாசியோ சுலுவாகா என்னும் பெரும் ஓவியர் பிறந்தார்.

போருக்கான கருவி செய்தவர்கள் காலம் மாறியபோது என்ன செய்தனர் என்பது சுவையான செய்தி. முதல் உலகப் போர் முடிந்ததும் துப்பாக்கிக்கான தேவை குறைந்தது. துப்பாக்கிக் குழாய் செய்யத் தெரிந்த கைகள் மிதிவண்டிச் சட்டம் செய்யக் கற்றன. ஓர்பேயா, பே ஆச்சே என்னும் இரண்டு மிதிவண்டி நிறுவனங்களும் எய்பாரின் துப்பாக்கிப் பட்டறைகளில் தோன்றியவையே. சுழல்துப்பாக்கி செய்துகொண்டிருந்த எல் காஸ்கோ என்னும் பட்டறை, 1930-களில் காகிதம் தைக்கும் கருவி செய்யத் தொடங்கிற்று. 1920-இல் தொழிலாளர்கள் தாமே பங்கு போட்டுத் தொடங்கிய ஆல்பா என்னும் கூட்டுறவு நிறுவனமும் துப்பாக்கியில் தொடங்கித் தையல் இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தது. பலர் சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒன்றை நடத்துவது என்னும் பழக்கம் அவ்வூருக்குப் புதியதன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அதிகாலையில், ஸ்பெயின் நாடு முழுவதிலும் முதன்முதலாகக் குடியரசுக் கொடியை ஏற்றிய ஊர் எய்பார். தலைநகர் மத்ரிதில் கொடி ஏறியது அதற்குப் பல மணி நேரம் கழித்தே. குடியரசு அரசு அவ்வூருக்கு 'மிகச் சிறந்த முன்மாதிரி நகரம்' என்னும் பட்டத்தை வழங்கிச் சிறப்பித்தது. ஊர் சிறியதாயினும் சட்டப்படி அது நகரமானது இவ்வாறே.

இடிபாட்டில் பிறந்த கழகம்

அந்தப் பெருமைக்கு உரிய விலையை ஐந்தே ஆண்டுகளில் அவ்வூர் செலுத்திற்று. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மாதக்கணக்கில் எய்பார் போர்முனைக்கு அருகிலேயே இருந்தது. 1937 ஏப்ரல் இறுதியில், கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்த அதே நாள்களில், எய்பாரும் வானிலிருந்து விழுந்த குண்டுகளால் தகர்ந்து எதிரியின் கையில் வீழ்ந்தது. கெர்னிகாவுக்குப் பிக்காசோவின் ஓவியம் கிடைத்தது. உலகம் அதை மறக்கவில்லை. எய்பாருக்கு ஓவியம் கிடைக்கவில்லை. அவ்வூரிலேயே பிறந்த சுலுவாகா வென்ற தரப்பின் பக்கம் நின்றவர். வரலாற்றின் இத்தகைய முரண்களைக் கவிஞர்களாகிய உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்து இரண்டாண்டு நிறையாத நிலையில், 1940 நவம்பர் 30-ஆம் நாள், அவ்வூரில் முன்பிருந்த இரண்டு சிறு பந்தாட்டக் குழுக்கள் ஒன்றிணைந்து எய்பார் கழகம் தோன்றிற்று. அக்குழுக்களுள் ஒன்றின் பெயர் 'சேவல்'. வீடுகள் இன்னும் முழுமையாக எழும்பாத ஊரில், ஆடவர் பலர் சிறையிலும் அயல்நாட்டிலும் இருந்த வேளையில், இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவதற்காகக் கூடினர் என்றால், அது பொழுதுபோக்கு மட்டும் ஆகாது. அந்நாளில் ஊரார் கூட்டமாகக் கூடுவதற்கே ஆட்சியாளர் இசைவு தந்த இடங்கள் மிகச் சில. கோயில் ஒன்று, பந்தாட்டத் திடல் மற்றொன்று.

உடை வாங்கவும் பொருளில்லை. மாவட்டப் பந்தாட்டக் கூட்டமைப்பு தன்னிடமிருந்த பார்சிலோனா அணியின் சட்டைகளைத் தந்து உதவிற்று என்று கழக வரலாறு கூறும். அன்று தானமாக வந்த நீலமும் செம்மையுமே இன்றுவரை அக்கழகத்தின் நிறங்கள். பின்னாளில் பார்சிலோனாவின் திடலில் பார்சிலோனாவை எதிர்த்தே எய்பார் ஆடியபோது, இரண்டு அணிக்கும் ஒரே நிறம் என்னும் இடையூறு எழுந்தது. சிறிய அணி வேறு சட்டை அணிந்து ஆடிற்று.

1947-இல் இபுருவா என்னும் திடல் திறக்கப்பட்டது. மலைச்சரிவை வெட்டி அமைத்த சிறு திடல். அதைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. ஆட்ட நாள்களில் மாடி முகப்பில் நின்றபடியே ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். ஒரு தாய் துணி உலர்த்திக்கொண்டே கோல் விழுந்ததைக் காணலாம். 1953-இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது, 1958-இல் இறங்கிற்று. மீண்டும் 1988-இல் ஏறி, தொடர்ந்து பதினெட்டு ஆண்டுகள், 2006 வரை, அங்கேயே நிலைத்தது. பெரிய கழகங்கள் தம் இளைஞர்களைப் பயிற்சிக்காக ஓராண்டு எய்பாருக்கு அனுப்பி வைப்பர். பிற்காலத்தில் உலகக் கோப்பை வென்ற சாபி அலோன்சோவும் டேவிட் சில்வாவும் அவ்வாறு வந்து சென்றவர்களே. வளர்த்து அனுப்பிவிட்டு வாயிலில் நிற்கும் வீட்டைப் போன்றிருந்தது அக்கழகம்.

ஒரு சொற்களஞ்சியம்

இவ்விடத்தில் பந்தைச் சற்று நிறுத்திவிட்டு, உங்களுக்கும் எனக்கும் நெருக்கமான ஒரு செய்தியைச் சொல்ல விழைகிறேன்.

ஆல்பா கூட்டுறவு நிறுவனத்தை முன்னின்று நடத்தியவர்களுள் தொரிபியோ எச்செபர்ரியா என்பவர் ஒருவர். 1887-இல் எய்பாரில் பிறந்த தொழிலாளர் தலைவர். போரில் தோற்ற தரப்பினராகையால் நாட்டைவிட்டு வெளியேறி, கடல் கடந்து வெனிசுவேலா நாட்டின் கராகஸ் நகரில் வாழ்ந்தார். 1968-இல் அங்கேயே மறைந்தார். தாயகத்திலோ பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் இடமில்லை. அம்முதியவர் அயல்மண்ணில் அமர்ந்து என்ன செய்தார் தெரியுமா? தம் ஊரில் மட்டும் வழங்கும் பாஸ்க் பேச்சுவழக்கின் சொற்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தெழுதினார். பட்டறையில் வழங்கிய சொல், அடுப்பங்கரையில் வழங்கிய சொல், தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது வழங்கிய சொல் என எல்லாவற்றையும் தொகுத்தார். அது எய்பார் வழக்குச் சொற்களஞ்சியமாக 1960-களில் பாஸ்க் மொழிக் கழகத்தின் வழியே வெளிவந்தது.

ஊர்ப்பெயர் தொகுக்கச் சென்ற நாள்களில், ஒரு சொல்லைத் தெரிந்த கடைசிக் கிழவியின் திண்ணையில் நான் அமர்ந்திருந்ததுண்டு. அவர் மறந்துவிட்டால் அச்சொல் போயிற்று. ஆகவே கராகஸ் நகரின் அம்முதியவர் எனக்கு அயலாராகத் தோன்றவில்லை. ஊரை இழந்தவர் ஊரின் சொல்லைக் காத்தார். ஊரில் தங்கியவர்கள் ஊரின் பெயரை ஒரு சட்டையில் எழுதி, ஞாயிறுதோறும் திடலில் இறக்கிக் காத்தனர். இரண்டும் ஒரே பணியின் இரு கூறுகள் என்று நான் கருதுகிறேன். என் மாணவனின் கட்டுரையில் இந்த முதியவர் இல்லை. ஆனால் அவனால்தான் இவரை நான் அறிந்தேன்.

கடனில்லாத குற்றம்

இனி 2014-ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் எய்பார் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறியிருந்தது. கைசுக்கா கரித்தானோவின் பயிற்சியில், அப்பிரிவிலேயே மிகக் குறைந்த செலவுத்திட்டம் கொண்ட கழகங்களுள் ஒன்றாகிய எய்பார், 2014 மே 25-ஆம் நாள் அண்டை ஊரான அலாவேஸ் கழகத்தை 1-0 என வென்று, வரலாற்றில் முதன்முறையாக முதற்பிரிவுக்குத் தகுதி பெற்றது. ஸ்பெயினின் முதற்பிரிவுக்குக் கழகத்தை அனுப்பிய ஊர்களுள் இத்துணைச் சிறியது வேறில்லை என்பர். பார்சிலோனாவின் திடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் இருக்கைகள். எய்பாரின் குழந்தை முதல் கிழவர் வரை அனைவரும் சென்று அமர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது.

வென்றும் அவர்கள் உயர முடியாது என்று சட்டம் சொல்லிற்று. 1999-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றின்படி, ஒவ்வொரு கழகமும் குறிப்பிட்ட அளவு பங்கு மூலதனம் வைத்திருத்தல் வேண்டும். அந்த அளவை எவ்வாறு கணக்கிட்டனர் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் பிரிவின் மிக உயர்ந்த இரண்டையும் மிகத் தாழ்ந்த இரண்டையும் நீக்கிவிட்டு, எஞ்சிய கழகங்கள் செய்யும் செலவின் சராசரியில் நான்கில் ஒரு பங்கு. அவ்வாறு எய்பாருக்கு விதிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 21 லட்சத்து 46 ஆயிரம் யூரோ. அவர்களிடம் இருந்ததோ 4 லட்சத்து 22 ஆயிரம். எஞ்சிய 17 லட்சத்து 24 ஆயிரம் யூரோவை ஆகஸ்டு 6-ஆம் நாளுக்குள் திரட்டாவிடில், உயர்வு கைநழுவுவதோடு, இருந்த இடமும் போய் மூன்றாம் படிக்கு இறங்க வேண்டும்.

எய்பாருக்கு ஒரு காசு கடன் இல்லை. அளவாகச் செலவு செய்து, வரவுக்குள் வாழ்ந்த கழகம் அது. அக்காலத்தில் ஸ்பெயினின் பெரிய கழகங்கள் பல வரிப்பாக்கியிலும் வங்கிக் கடனிலும் மூழ்கிக் கிடந்தன. கழகங்கள் கடனில் வீழாமல் காப்பதற்காக இயற்றப்பட்ட சட்டம், கடனே இல்லாத கழகத்தின் கழுத்தில் கத்தி வைத்தது. ஏனெனில் அளவுகோல் பிறருடைய செலவு. பிறர் மிகையாகச் செலவிட்டால் சிக்கனமாக இருப்பவன் குற்றவாளியாகிறான்.

அப்போது கழகத் தலைவராக இருந்தவர் அலெக்ஸ் அரன்சாபல். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒரு செல்வரை அழைத்துக் கழகத்தை ஒப்படைப்பது எளிய வழி. அவ்வாறு கைமாறிய கழகங்கள் ஸ்பெயினில் அன்று பல இருந்தன. சில அழிந்தும் போயிருந்தன. எய்பார் மற்ற வழியைத் தேர்ந்தது. 'எய்பாரைக் காப்போம்' என்னும் பெயரில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது. குறைந்த அளவு 50 யூரோ. அதைவிட முக்கியமானது, உயர்ந்த அளவுக்கும் வரம்பு வைத்தனர்: ஒருவர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கலாகாது. பணம் மிகத் தேவைப்பட்ட அந்த வாரங்களில், மிகுதியாகத் தரக்கூடியவனைப் பார்த்து 'இவ்வளவு போதும்' என்று சொல்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

ஊர் மக்கள் வாங்கினர். ஊரைவிட்டுச் சென்றவர்கள் வாங்கினர். முன்னாள் ஆட்டக்காரர்களான அலோன்சோவும் சில்வாவும் குரல் கொடுத்தனர். பிறகு, எய்பார் எங்கிருக்கிறது என்றே அறியாதவர்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாங்கினர். கெடு முடிவதற்கு முன்பே தொகை நிறைந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பங்குதாரர்கள். அவர்களுள் எவர் ஒருவரும் உரிமையாளர் இல்லை. 1920-இல் ஆல்பாவுக்குப் பங்கு போட்ட தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் வழியையே பின்பற்றினர் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஏறியதும் இறங்கியதும்

2014 ஆகஸ்டு 24-ஆம் நாள் இபுருவாவில் முதல் ஆட்டம். எதிரணி சான் செபாஸ்தியானின் ரியால் சோசியெதாத். இடைவேளைக்குச் சற்று முன்பு, ஹாவி லாரா என்பவர் உதைத்த பந்து வலைக்குள் சென்றது. எய்பார் 1-0 என வென்றது.

இங்கே கதையை முடித்திருந்தால் இது தேவதைக் கதையாக இருந்திருக்கும். வாழ்க்கை அவ்வாறு முடிவதில்லை. அந்தப் பருவத்தின் முதற்பாதியில் நன்கு ஆடிய அணி பிற்பாதியில் சரிந்தது. இறுதிப் பட்டியலில் பதினெட்டாம் இடம். அதாவது கீழிறங்க வேண்டிய இடம். ஆனால் அவ்வாண்டு மேலே இருந்த எல்சே என்னும் கழகம் கடன் நிலுவைக்காகக் கீழிறக்கப்பட்டது. அதனால் எய்பார் தப்பிற்று. முந்தைய ஆண்டு கடனின்மை அவர்களுக்குப் பகையாக நின்றது. அவ்வாண்டு அதுவே காத்தது. இதை அறத்தின் வெற்றி என்று முழங்க எனக்கு மனம் வரவில்லை. எல்சேயிலும் மாடி முகப்பில் நின்று பார்க்கும் தாய்மார்கள் உண்டு. திடலில் அவர்கள் தோற்கவில்லை.

அடுத்து அருகிலுள்ள சால்திபார் என்னும் ஊரினரான ஹோசே லூயிஸ் மெந்திலிபார் பயிற்சியாளராக வந்தார். 2017-2018 பருவத்தில் இருபது கழகங்களுள் ஒன்பதாம் இடம் வரை அணி உயர்ந்தது. 2018 நவம்பர் 24-ஆம் நாள், ஐரோப்பாவின் வாகையராக இருந்த ரியால் மத்ரிதை இபுருவாவில் 3-0 என வென்றது. 2016 முதல் கழகத்தின் தலைமையை அமயா கொரோஸ்டிசா என்னும் பெண்மணி ஏற்றார். 2020-இல் மகளிர் அணியும் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. பெண்ணாகிய நான் இதைச் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்தால் பொறுத்தருள வேண்டும்.

பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 10-ஆம் நாள், பெருந்தொற்றின் காரணமாக ஸ்பெயின் முதற்பிரிவில் பார்வையாளர் இல்லாமல் நடந்த முதல் ஆட்டம் இபுருவாவில்தான் நடைபெற்றது. மக்களின் தோளில் நிற்கும் கழகத்துக்கு மக்களில்லாத் திடல் எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்த பருவத்தில், 2021-இல், எய்பார் கடைசி இடத்தில் முடிந்து கீழிறங்கிற்று. முதற்பிரிவு வாழ்வு ஏழு பருவங்களோடு நிறைந்தது. மெந்திலிபார் விடைபெற்றார்; பிற்பாடு 2023-இல் செவில்லா அணியோடும் 2024-இல் கிரேக்கத்தின் ஒலிம்பியாக்கோஸ் அணியோடும் ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார்.

2022 மே 29. மீண்டும் மேலேற ஒரே ஒரு வெற்றி வேண்டும். எதிரணியோ முன்பே கீழிறங்குவது உறுதியாகிவிட்ட அல்கோர்கோன். ஆட்டம் முடியும் கூடுதல் நேரத்தில் எய்பார் ஒரு கோல் வாங்கித் தோற்றது. பின்னர் நடந்த தகுதிச்சுற்றிலும் கிரோனாவிடம் தோற்றது. என் மாணவன் உறங்காதிருந்த இரவு அந்த மே இரவு. 2023-லும் 2024-லும் தகுதிச்சுற்று வரை சென்று வெறுங்கையோடு திரும்பிற்று. ஆயினும் கழகம் கலையவில்லை, கைமாறவில்லை. பங்கை வைத்திருந்தவர்கள் அதை இலாபத்துக்காக வாங்கியவர்களல்லர். ஆகவே தோல்வி அவர்களை விரட்டவில்லை.

நம் வட்டத்துக்கு வருவோம்

பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் வகுப்பறையில் பதினொரு பேர் கூடி இவ்வட்டத்தைத் தொடங்கினோம். மழை பெய்த ஒரு ஞாயிறன்று மூன்றே பேர் வந்தோம். மூவருமாகக் கவிதை படித்து மூவருமாகக் கைதட்டிக்கொண்டோம். தேநீருக்கான சில்லறையை இன்றும் ஒரு தகரப் பெட்டியில் போடுகிறோம். இதுவரை நம் வட்டத்துக்குக் கடன் கிடையாது. நம் நூல்கள் பெருநகரங்களின் விருதுப் பட்டியலில் இடம்பெறவில்லை என்னும் குறை நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. அந்த அளவுகோலை யார் செய்தார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு வருந்தலாம்.

அடுத்த திங்கள் பொதுக்குழு கூட இருக்கிறது. நம் ஊரின் பெருமனத்தர் ஒருவர் வட்டத்தின் ஆண்டுச் செலவு முழுவதையும் தாம் ஒருவரே ஏற்பதாகவும், மலருக்கும் ஆண்டுப் பரிசுக்கும் தம் தந்தையார் பெயரைச் சூட்ட வேண்டும் எனவும் தெரிவித்திருக்கிறார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு அணுவளவும் ஐயமில்லை. தந்தையின் பெயர் நிலைக்க வேண்டும் என்று விழையும் மகனை நான் வணங்குகிறேன். ஆயினும் இந்த மேடையிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுவது நேர்மை என்று நினைக்கிறேன். ஒருவர் தோளில் நிற்கும் அமைப்பு அவர் சோர்ந்தால் சாய்ந்துவிடும். அவர் சோராவிட்டாலும், நாம் தகரப் பெட்டியில் சில்லறை போடுவதை மறந்துவிடுவோம். அந்த மறதி பெரிய இழப்பு.

ஆகவே என் வேண்டுகோள் இது. அவரை உறுப்பினராக வரவேற்போம். எய்பார் செய்ததைப் போல நாமும் ஓர் உச்ச வரம்பு வைப்போம். ஒருவர் ஓராண்டில் இன்ன தொகைக்கு மேல் தரலாகாது என்று விதி எழுதுவோம். அந்த வரம்புக்குள் அவர் தருவதை நன்றியோடு பெறுவோம். வரம்பை மீறாத அளவில், கூட்டத்துக்கு வர இயலாத முதியோரும் வெளியூரில் குடியேறிய நம் பழைய அன்பர்களும் ஆளுக்கொரு சிறு பங்கு அனுப்பட்டும். உங்களில் சிலர் இதை ஏற்காமல் போகலாம். ஏற்காதவர்கள் பொதுக்குழுவுக்கு வந்து மறுத்துப் பேசுங்கள். அவ்வாறு பேசுவதற்கான உரிமை நமக்கு இருக்கும்வரை இது நம் வட்டம்.

நிறைவாக ஒன்று. அந்த விடைத்தாளைச் சில திங்கள் கழித்து அம்மாணவனிடம் கேட்டு வாங்கினேன். இரண்டாம் பக்கத்தை அன்றுதான் படித்தேன். அதில் அவன், இபுருவாவைச் சூழ்ந்த மாடி முகப்புகளில் ஒன்றில் தனக்கொரு வீடு இருப்பதாகவும், அங்கே தன் தாயார் நின்று ஆட்டம் பார்ப்பதாகவும் எழுதியிருந்தான். ஏழு ஊர்களில் குடியிருந்தும் கிடைக்காத வீட்டை அங்கே கட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு மையில் எழுதியதை அடித்துவிட்டு, நான்கைப் பதினெட்டாகத் திருத்தினேன். "இன்னும் இரண்டு ஏன் குறைத்தீர்கள், அம்மா?" என்றான். ஒற்றுப்பிழைகள் என்றேன். அது உண்மையே. வல்லினம் மிகும் இடங்களை அவன் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கட்டுரையை முழுமையாகப் படித்த பிறகே மதிப்பிட வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டேன்.